ஊசி முனை கிடைத்ததாகக் கையெழுத்துப் போட்டேன்

கேள்வி: திருப்பூரில், குழந்தைகளுக்கான பனியன் உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன மாதம் ஷிப்மென்ட் அவசரத்தில் ஒரு ஓவர்லாக் மிஷினில் ஊசி உடைந்தது. முனை கிடைக்கவில்லை. லைன் இன்சார்ஜ் வேறொரு பழைய ஊசியின் முனையை உடைந்த ஊசிகளுக்கான ரெஜிஸ்டரில் ஒட்டி, ‘எல்லாத் துண்டும் கிடைத்தது’ என்று எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். மதிய இடைவேளையில் என்னோடு ஜெபத்துக்கு உட்காரும் ஒரு பெண் பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் கிறிஸ்தவப் பெண் அல்ல. “நீங்களுமாக்கா?” என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இங்கே இருந்துகொண்டு என் விசுவாசத்துக்குச் சாட்சியாக வாழ முடியாது என்று தோன்றுகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரச் சபை ஊழியத்துக்கு வந்துவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தூக்கம் போனதை எழுதியிருக்கிறீர்கள், சாட்சி போனதை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊசி முனை இப்போது எங்கே இருக்கிறது என்பதை எழுதவில்லை. அங்கிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

முனை கிடைக்காவிட்டால் அப்போது தைத்துக்கொண்டிருந்த பண்டிலை, அதாவது அந்தக் கட்டுத் துணியை, தனியே ஒதுக்கி, ஒவ்வொரு பீஸாக மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்க்க வேண்டும், அப்படியும் கிடைக்காவிட்டால் அந்தப் பீஸ்களையே கழித்துவிட வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ‘எப்படியும் பேக்கிங்குக்கு முன்னால் டிடெக்டரில் மாட்டிவிடும்’ என்று உங்களிடம் யாராவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். மாட்டியிருக்கலாம்தான். ஆனால் அந்த மிஷினும் ஓர் அளவுக்குக் கீழே சிறிய இரும்பைப் பிடிக்காது. ஆகவே இந்த இதழ் கைக்கு வந்ததும் குவாலிட்டி மேனேஜரிடம் போய், தேதி, மிஷின் நம்பர், பண்டில் நம்பர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சரக்கு கோடவுனில் இருந்தால் மறுபடி செக் செய்யலாம். கப்பல் ஏறியிருந்தால் சரக்கை வாங்குகிற பையருக்குச் சொல்ல வழியுண்டு. அந்த உடுப்பைப் போட்டுக்கொள்ளப்போகிற குழந்தைக்கு ‘இங்கே குத்துகிறது’ என்று சொல்லத் தெரியாது.

இதனால் வேலைக்கே ஆபத்து வரலாம். வராது என்று நான் பொய் சொல்லமாட்டேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். லைன் இன்சார்ஜிடமும் ‘நான் போய்ச் சொல்லப்போகிறேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவரை மாட்டிவிடப் போகவில்லை, நான் போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கப் போகிறேன் என்று சொல்லுங்கள்.

இனி என் கதை. இருபத்திரண்டு வயதில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். நைட் டியூட்டி. காலை நான்கு மணிக்கு வார்டு முழுக்கக் காய்ச்சல் பார்த்துச் சார்ட்டில் எழுத வேண்டும். கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர், மூன்று நாளாகக் காய்ச்சல் இல்லாதவர், அப்போதுதான் கண் அயர்ந்திருந்தார். எழுப்ப மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 98.6 என்று எழுதிவிட்டு வந்து ஞானப்பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே பஞ்சு உருட்டினேன். ஆறு மணிக்கு வந்த வார்டு சிஸ்டர் போகிற போக்கில் அவர் நெற்றியில் கைவைத்தார். கொதித்தது. என்னைத் திட்டவில்லை. சார்ட்டைக் காட்டி, “இந்தக் கட்டத்தை நிரப்ப உன்னை வைக்கலைம்மா. நாலு மணிக்கு ஒரு ஆள் அவர் பக்கத்துல போய் நிக்கணும்னுதான் இந்தக் கட்டமே போட்டிருக்கு” என்றார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். நாற்பது வருஷமாகியும் அந்த 98.6 என் கையெழுத்தில் என் கண் முன்னால் நிற்கிறது.

கொலோசெயர் 3:23 நம் வீட்டுக் காலண்டர்களில் நிறையத் தொங்குகிறது: ‘எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்.’ அதற்கு முந்தின வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை. ‘பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்’ என்கிறது அது. உங்கள் ரெஜிஸ்டரும் என் சார்ட்டும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிட்டன. அப்போஸ்தலனாகிய பவுல் இதை எழுதியது பெரிய உத்தியோகஸ்தருக்கு அல்ல, சொந்தமாக ஒன்றுமில்லாத அடிமைகளுக்கு. அவர்களுடைய அன்றாட வேலையும் கர்த்தருடைய கணக்கில் வருகிறது என்றார்.

முழுநேர ஊழியம் பற்றிக் கேட்டீர்கள். அழைப்பு உண்மையானால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் ஒரு கையெழுத்திலிருந்து தப்பித்து ஓடுவதை அழைப்பு என்று சொல்லாதீர்கள். யோவான் ஸ்நானனிடம் வரிவசூலிப்பவர்கள் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, தொழிலை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வாருங்கள் என்று அவன் சொல்லவில்லை. ‘உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்’ என்றான். மறுநாள் காலை அதே வரிச் சாவடிக்குப் போய் அதே நாற்காலியில் உட்கார வேண்டும், அதுதான் கஷ்டம். பவுலும் கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்துக்கொண்டேதான் பிரசங்கித்தார். வேலை செய்கிற கைக்கு ஊழியம் ஒட்டாது என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. நம் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை மேடையில் சாட்சி சொல்கிறவர்களைக் கொண்டாடுகிறோம், செக்கிங் டேபிளில் பத்து மணி நேரம் நின்று, கண் எரிய எரிய ஒரு தையலைத் திருப்பிப் பார்க்கிறவளுக்காக ஜெபிப்பதில்லை.

இன்னொன்று. ஊசி உடைந்ததும் அந்த டெய்லர் முகம் எப்படி இருந்தது? பீஸ் ரேட்டில் தைக்கிறவளாக இருந்தால் மிஷின் நின்ற ஒவ்வொரு நிமிஷமும் அவள் கூலி. போதாததற்கு மேலேயிருந்து சத்தம் வேறு. பயந்தவள் துண்டைத் தேடமாட்டாள், மறைக்கத்தான் பார்ப்பாள். உங்கள் லைனில் உடைந்த ஊசியை ஒருத்தி தானாகக் கொண்டுவந்து கொடுக்கும்போது, நீங்கள் குரல் உயர்த்தாமல் வாங்கிக்கொண்டு, “நீ உட்காரு, சேர்ந்து தேடலாம்” என்று குனியுங்கள். மதிய ஜெபம் இருக்கட்டும், நிறுத்த வேண்டாம். ஆனால் அன்று மிஷின் அடியில் டார்ச் அடித்துத் தேடுகிற அந்தப் பத்து நிமிஷத்தில்தான் நீங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

“நீங்களுமாக்கா?” என்று கேட்ட பெண்ணை நினைத்து வெட்கப்படுகிறீர்கள். எனக்கு அவள்மேல் மரியாதைதான் வந்தது. உங்களிடம் அவள் எதையோ எதிர்பார்த்திருக்கிறாள், அதனால்தான் ‘நீங்களுமா’ என்றாள். மேனேஜரிடம் போவதற்கு முன் அவளிடம் போங்கள். வசனம் எதுவும் சொல்ல வேண்டாம். “அன்னைக்கு நான் செஞ்சது தப்பு, இப்ப போய்ச் சொல்லப்போறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். டீ நேரம் போதும்.

பிரியமுடன்,
அக்கா