கோத்தகிரி டீ ஃபேக்டரி: எல்லாவற்றுக்கும் 5.1 போடலாமா?

ஜெனரேட்டரில் வடித்த பழைய ஆயில், துடைத்த துணி, ஆயில் பிடித்துவைத்த காலி டின் மூன்றையும் 5.1 என்ற ஒரே கழிவு வகை எண்ணில் பதிந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஆயிலுக்கு மட்டும்தான் அது சரி. அபாயகரக் கழிவுகள் பற்றிய 2016 விதிகளின் முதல் அட்டவணைப்படி துணி 33.2, டின் 33.1. டிரையர் அடுப்பின் விறகுச் சாம்பலை இதில் சேர்க்காதீர்கள். டீ வேஸ்ட்டும் வேண்டாம். அதற்கு 1959-ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவு (கட்டுப்பாட்டு) ஆணை தனியாக இருக்கிறது.

அபாயகரக் கழிவுக் கணக்கு எழுதும் படிவம் 3 பதிவேட்டைத் திருத்திவிடுங்கள். ஜூன் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தரும் ஆண்டு அறிக்கையான படிவம் 4-இலும் அதே எண்கள்தான் வர வேண்டும்.

அப்புறம், சாதாரணமாக இந்தக் கழிவுகளை 90 நாள்தான் சேர்த்துவைக்கலாம். பீப்பாய்க்குக் கூரை முக்கியம். ஜூலை மழையில் எனக்குத் தண்ணீர் புகுந்து, ஆயில் கணக்கு இரட்டிப்பாகிவிட்டது!