குஸ்கா விலையைக் கேட்டீர்களா? ஹோட்டல் விமர்சனங்கள் பற்றிய கேள்வி-பதில்

சேலை, மிக்ஸி, மொபைல் என்று வரும் கேள்விகளை இந்த வாரம் ஓரமாக வைத்துவிட்டேன். சாப்பாட்டுக் கேள்விகள் அவ்வளவு சேர்ந்துவிட்டன.

கேள்வி: 4.5 நட்சத்திரம், ஆயிரக்கணக்கில் ரெவ்யூ. அதை நம்பி நான்கு பேர் ஒரு பிரியாணிக் கடைக்குப் போனோம். சாதம் உதிரியாகத்தான் இருந்தது, ஆனால் மசாலா வாசனையே இல்லை. பில் 1,400 ரூபாய். இத்தனை பேர் எப்படி 'சூப்பர்' என்று எழுதினார்கள்? எங்கள் நாக்கில்தான் கோளாறா? (வேளச்சேரி வாசகர்)

உங்கள் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. அந்த 4.5-ல் பிரியாணிக்கு எவ்வளவு பங்கு என்று யாராலும் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். கார் நிறுத்த இடம் கிடைத்தது, ஏசி குளுகுளுவென்று இருந்தது, குழந்தையின் பிறந்தநாளுக்கு லைட்டை அணைத்துப் பாட்டுப் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நட்சத்திரம்.

இன்னொன்று. பல இடங்களில் இப்போது பில்லோடு ஒரு க்யூஆர் கோடு அட்டையும் வருகிறது. "சார், ஒரு ஃபைவ் ஸ்டார் போட்டுடுங்க, அப்படியே என் பேரையும் போட்டுடுங்க" என்று பரிமாறியவர் பக்கத்திலேயே நிற்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, மேலே மேனேஜர் கணக்குக் கேட்கிறார். எதிரில் ஆள் நிற்கும்போது மூன்று நட்சத்திரம் போட யாருக்கு மனசு வரும்? அதனால், பணியாளர் பெயர் இருந்து, சாப்பிட்ட ஐட்டத்தின் பெயர் இல்லாத ரெவ்யூவை நான் படிக்காமல் தாண்டிவிடுவேன். மூன்று நட்சத்திரக்காரர்களைத்தான் தேடிப் படிப்பேன். 'மட்டன் நல்லா வெந்திருந்தது, தால்சா மட்டும் புளிப்பு' என்று எழுதுகிறவர் உண்மையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

தேதியையும் பாருங்கள். சென்னையில் மாஸ்டர் மாறினால் கடை மாறிவிட்டது என்றே அர்த்தம். போர்டு அதேதான், பெயிண்ட் கூட அதேதான், ருசி மட்டும் மாஸ்டரோடு அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். இரண்டு வருடத்துக்கு முந்தைய புகழ்ச்சி, போய்விட்ட மாஸ்டருக்குச் சேர வேண்டியது.

இணைய விமர்சனங்களைத் திரட்டி வெளியிடுவதற்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-ல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. எழுதுகிறவர் நிஜமான ஆள்தானா என்று சரிபார்ப்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் விருப்பப்பட்டவர்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது வந்தது. ஆகவே வடிகட்டும் வேலை நம் தலையில்தான்.

பிரியாணிக்கு என் சோதனை மிகச் சுலபம். முதலில் மெனுவில் குஸ்கா, அதாவது கறித்துண்டு இல்லாத வெறும் பிரியாணிச் சாதம், அதன் விலையைப் பார்ப்பேன். குஸ்கா 120, சிக்கன் பிரியாணி 220 என்று வைத்துக்கொள்வோம். சாதம் ஒரே அளவு என்றால், அந்த 100 ரூபாய் இரண்டு துண்டுக் கறிக்கும், இருந்தால் ஒரு முட்டைக்கும். அது தகுமா தகாதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் அந்தக் குஸ்காவையே ஒரு பிளேட் வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள், ரைத்தா கூட வேண்டாம். கறியும் தால்சாவும் மறைத்துவிடும் குறையெல்லாம் வெறும் சாதத்தில் வெளியே வந்துவிடும். குஸ்கா நன்றாக இருக்கும் கடையில் பிரியாணி ஏமாற்றி நான் பார்த்ததில்லை. மத்தியானம் தம் உடைத்த கொஞ்ச நேரத்துக்குள் போய்விடுங்கள். மூன்று மணிக்கு மேல் அண்டாவின் அடியில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுவது கடைக்காரருக்கும் நியாயமில்லை.

கேள்வி: பக்கெட் பிரியாணி '1 கிலோ' என்கிறார்களே, அது எதன் எடை? (பெரம்பூர் வாசகி)

பல கடைகளில் அரிசியின் எடை, அதாவது சமைப்பதற்கு முன். சில கடைகளில் வெந்த பிரியாணியின் எடை. ஒரு கிலோ அரிசி வெந்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனக்கும், கறி தனி. ஆகவே இரண்டு 'ஒரு கிலோ'வுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆர்டர் கொடுக்கும்போதே அரிசி எவ்வளவு, கறி எவ்வளவு, எத்தனை பேர் சாப்பிடலாம் என்று மூன்றையும் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் மாதம் இரண்டு ஹோட்டல் பற்றி எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ருசிக்கும் காசுக்கும் எப்படி மதிப்பெண் போடுவது? (குரோம்பேட்டை வாசகர்)

நல்ல வேலை, வயிற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ருசிக்குத் தனி, கொடுத்த காசுக்குத் தனி. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கவே எடுக்காதீர்கள். கையேந்தி பவன் ஒன்றுக்கு ருசியில் 6, காசுக்கு 9. நட்சத்திர ஹோட்டலுக்கு ருசியில் 9, காசுக்கு 6. சராசரி இரண்டுக்கும் ஏழரை. படிக்கிறவருக்கு அதனால் என்ன பயன்? இன்றைக்கு அவர் ஆபீஸ் போகிற வழியில் இரண்டு இட்லி தேடுகிறாரா, கல்யாண நாளைக்கு மனைவியோடு போக இடம் தேடுகிறாரா என்பது உங்களுக்குத் தெரியாது. இரண்டு எண்ணையும் தனித்தனியாகக் கொடுத்தால் அவரே முடிவு செய்துகொள்வார்.

ருசிக்கு மதிப்பெண் போடும்போது விலையை மறந்துவிடுங்கள். 'இந்தக் காசுக்கு இது போதும்' என்று உள்ளே ஒரு குரல் கேட்கும், அதை இரண்டாவது மதிப்பெண்ணுக்கு ஒத்திவையுங்கள். விலையை ஒப்பிடும்போதும் ஒரே மாதிரிக் கடைகளைத்தான் ஒப்பிட வேண்டும். அம்மா உணவகத்தில் 2013-ல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய். அது அரசு மானியத்தில் நடப்பது. அதைக் காட்டி மற்ற கடைக்காரரிடம் சண்டைக்குப் போக முடியாது.

சைவ ஹோட்டலா, சாதாரண ஐட்டம் கேளுங்கள். சீஸ், பனீர் எல்லாம் போட்ட தோசையில் மாவு எப்படி இருக்கிறது என்றே தெரியாது. இட்லி, சாதா தோசை, ரசம், தயிர், காபி. இந்த ஐந்திலும் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. இட்லியைப் பிட்டுப் பாருங்கள், உள்ளே கண்கண்ணாக இருக்கிறதா, இல்லை களி மாதிரி ஒட்டுகிறதா? பொங்கலை ஐந்து நிமிடம் ஆறவிட்டுச் சாப்பிடுங்கள். வனஸ்பதி கலந்திருந்தால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி படியும். நெய் அப்படிப் படியாது. வடை தொண்டையில் கரகரத்தால் எண்ணெய் பழசு என்று சந்தேகப்படலாம். பொரிக்கும் எண்ணெயில் சிதைவுப் பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தவே கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. ஆனால் அதை அளக்கும் கருவி உங்களிடம் இல்லை, ஆகவே 'தொண்டை கரகரத்தது' என்று மட்டும் எழுதுங்கள்.

சாம்பார் இரண்டாவது தடவை கேட்டுப் பாருங்கள். எத்தனை நேரத்தில் வருகிறது, வாளியோடு வருகிறதா கிண்ணத்தில் வருகிறதா, கேட்டதற்கு முகம் சுளிக்கிறார்களா? சென்னையில் ஒரு டிபனின் மதிப்பு பாதி இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஒவ்வொரு கடைக்கும் ஒரு வழக்கம் உண்டு, அதையும் மதிக்க வேண்டும். திருவல்லிக்கேணி ரத்னா கஃபேக்குப் போய், இட்லி சாம்பாரில் மிதக்கிறது என்று குறை எழுதினால் சிரிப்பார்கள். அதற்காகத்தான் அங்கே போகிறார்கள்.

ஏசி ஹாலில் பில் கூடினால் 'டாக்ஸ் சார்' என்பார்கள். நம்பாதீர்கள். 2017 நவம்பர் 15 முதல் சாதாரண ஹோட்டல்களில் ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதற்கு முன்புதான் 18, 12 என்று வித்தியாசம் இருந்தது. கூடுதலாக வாங்குவது கடைக்காரர் வைத்த ரேட். வைக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் உங்கள் இரண்டாவது மதிப்பெண்ணில் அது குறைய வேண்டும்.

கடைசியாக, சொல்லாமல் போங்கள், காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு ஹோட்டலின் பொங்கலைப் புகழ்ந்து எழுதினேன். கல்லாவில் இருந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டது அப்போது எனக்குத் தெரியாது. இலையில் நெய் குளமாக நின்றது. அடுத்த ஞாயிறு என் தங்கை வீட்டுக்காரர் அதை நம்பிக் குடும்பத்தோடு போய்விட்டு ஃபோன் செய்தார். "மாமா, பொங்கலை உதிர்த்து எறும்புக்குப் போடலாம்" என்றார். அன்றிலிருந்து இரண்டு தடவை போகாமல் எழுதுவதில்லை, அதிலும் ஒரு தடவை கூட்டம் அலைமோதும் ஞாயிற்றுக்கிழமை.

கேள்வி: ரீல்ஸில் ஒருவர் ஒவ்வொரு கடையிலும் முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்கிறார். காசு வாங்கிக்கொண்டு செய்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (அண்ணா நகர் கல்லூரி மாணவி)

அவர் பில் காட்டுகிறாரா? அதைப் பாருங்கள் முதலில். நூறு கடைக்குப் போய் ஒன்றுகூடச் சுமார் இல்லை என்றால், நாக்குக்கு அங்கே வேலை இல்லை.

பணம் மட்டும் அல்ல, இலவசச் சாப்பாடு, பரிசு, தள்ளுபடி என்று எது வாங்கியிருந்தாலும் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. கீழே முப்பது ஹேஷ்டேகுக்கு நடுவில் ஒளித்து வைத்தால் செல்லாது. வீடியோ என்றால் வீடியோவிலேயே, பேச்சிலும் எழுத்திலும் வர வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் வந்து பரிந்துரைத்தவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. 'பெய்ட் ப்ரமோஷன்' என்று போட்டுவிட்டுச் செய்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அது விளம்பரம், அவர் தொழில். கடை எங்கே, எத்தனை மணிக்குத் திறக்கிறது, மெனுவில் என்ன விலை என்று தெரிந்துகொள்ள அந்த வீடியோ உதவும். ருசிக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு பேர் 640 ரூபாய்க்குச் சாப்பிட்டோம். சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் சேர்த்து 739 ரூபாய் 20 காசு பில். கொடுக்கத்தான் வேண்டுமா? (அடையாறு வாசகர்)

வேண்டாம். பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. 2025 மார்ச் 28-ல் தனி நீதிபதி அந்த வழிகாட்டுதலை உறுதி செய்தார். உங்கள் பில்லில் சார்ஜ் 64 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 3 ரூபாய் 20 காசு. எடுத்துவிட்டால் 672 ரூபாய். எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் பில்லைப் படமெடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலும் பேசலாம். பரிமாறியவருக்கு டிப்ஸ் வைக்க நினைத்தால் கையில் கொடுங்கள்.

கேள்வி: 'சிக்கன் நாறியது, கெட்டுப்போன கறியைப் போடுகிறார்கள், யாரும் போகாதீர்கள்' என்று எழுதினேன். உரிமையாளர் மானநஷ்ட வழக்குப் போடுவேன் என்கிறார். அழித்துவிடவா? (திருவான்மியூர் வாசகி)

மூன்று வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள், மூன்றும் ஒன்றல்ல. முதலாவது உங்கள் மூக்கு சொன்னது. இரண்டாவது, அவர் தெரிந்தே கெட்ட கறி விற்கிறார் என்ற குற்றச்சாட்டு, அதற்கு ஆதாரம் கேட்பார்கள். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது. பொது நலனுக்காகச் சொன்ன உண்மைக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் உண்மை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது.

அழிக்க வேண்டாம், திருத்துங்கள். 'இன்ன தேதி, இரவு இத்தனை மணிக்கு வாங்கிய சிக்கனில் துர்நாற்றம் அடித்தது, திருப்பிக் கொடுத்தோம்' என்று எழுதி, பில்லையும் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் நோட்டீஸ் நிஜமாகவே வந்தால் அதைப் படிக்காமல் மேசையில் போட்டுவைக்காதீர்கள், ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். கறி கெட்டிருந்தது என்பதில் உறுதியாக இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். பில்லில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும், புகாரில் அதைக் குறிப்பிடுங்கள். பில்லில் அந்த எண்ணே இல்லை என்றால் அதையும் சேர்த்துப் புகார் செய்யலாம்.

கேள்வி: ஹோட்டலில் 110 ரூபாய் நெய் ரோஸ்ட், ஆப்பில் 145. மேலே பேக்கிங், டெலிவரி என்று தனித்தனியாக. இது சரியா? (கொளத்தூர் வாசகர்)

ஆப்பில் வேறு விலை வைப்பது கடைக்காரர் விருப்பம், கமிஷனை இங்கேதான் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் தொடாமலேயே நன்கொடை, டிப்ஸ் என்று கூடையில் தானாக ஏதாவது ஏறியிருந்தால் அது தடை செய்யப்பட்ட தந்திரம். 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல் அப்படிப் பதின்மூன்றைப் பட்டியலிடுகிறது. பணம் கட்டும் முன் கடைசித் திரையை ஒரு தடவை மேலிருந்து கீழே படியுங்கள். பக்கத்துக் கடை என்றால் ஃபோனில் சொல்லிவிட்டு நீங்களே போய் வாங்கி வாருங்கள். தூக்குவாளி கொண்டுபோனால் சாம்பார் தாராளமாக ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்புறம், நெய் ரோஸ்டை எதற்குப் பார்சல் வாங்குகிறீர்கள்? கால் மணி நேரம் டப்பாவுக்குள் வேர்த்து வீடு வந்து சேரும்போது அது சப்பாத்தி. பார்சலில் இட்லி வாங்குங்கள், ஊத்தப்பம் வாங்குங்கள், பிரியாணி வாங்குங்கள். நெய் ரோஸ்டைக் கடையிலேயே உட்கார்ந்து, முனையிலிருந்து ஒடித்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், 35 ரூபாய் மிச்சம்.