முதலில் ஒய் கேபிளைக் கழற்றுங்கள்

வணக்கம். பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் 16 பார் லைட் (PAR மேடை விளக்கு), அவற்றுக்கான சிக்னல் லைனை மேடையின் இரு பக்கமும் ஒய் கேபிளில் (ஒரு லைனை இரண்டாக்கும் கேபிள்) பிரித்திருக்கிறீர்கள், கடைசி நான்கும் மினுக்குகின்றன, 400 ரிங்கிட்டுக்குள் எல்லாவற்றையும் மூன்று பின்னிலிருந்து ஐந்து பின் கனெக்டருக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

மாற்ற வேண்டாம். மேடை விளக்குகளைக் கட்டுப்படுத்தும் சிக்னலுக்கான டிஎம்எக்ஸ்512 தரப்படி ஐந்து பின்தான் சரி. ஆனால் 4, 5 பின்கள் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். விளக்குகளை இயக்கும் உங்கள் கண்ட்ரோலர் மட்டும் ஐந்து பின் என்றால் ஓர் அடாப்டர் போதும்.

எனக்குச் சந்தேகம் ஒய் கேபிள் மேல்தான். சிக்னல் கிளைகளின் முனையில் மோதித் திரும்பி வந்து தன்னையே குழப்பிக்கொள்ளும். ஒரு லைன் 32 விளக்கு வரை தாங்கும். அதனால் காசு செலவழிக்கும் முன் பதினாறையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சங்கிலியாகக் கோத்துப் பாருங்கள். கடைசி விளக்கின் அவுட்டில், சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் டெர்மினேட்டர் கட்டாயம்: ஒரு ஆண் எக்ஸ்எல்ஆர் பிளக், 2, 3 பின்களுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர். ஜாலான் பாசார் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

இரு பக்கமும் பிரித்தே ஆக வேண்டுமா? ஆப்டோ ஐசோலேஷன் (ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தி மின் தொடர்பைத் துண்டிக்கும் முறை) உள்ள ஸ்பிளிட்டர், அதாவது சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, வாங்குங்கள், பட்ஜெட்டின் பெரும்பங்கு அதற்கே போகட்டும். ஒவ்வொரு அவுட்டுக்கும் தனித்தனி ஐசோலேஷன் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சில மலிவுப் பெட்டிகளில் ஐசோலேஷன் என்ற பெயர் மட்டும்தான் இருக்கும்.

அப்புறம், மைக் கேபிள் வேண்டவே வேண்டாம். நானும் ஒரு நவராத்திரி நிகழ்ச்சியில் அதை மாட்டி, பதம் ஆடும்போது மேடையை டிஸ்கோ ஆக்கியவன்தான். 120 ஓம் டேட்டா கேபிள் என்று கேளுங்கள்.