வீட்டுத் தையல் மெஷினில் பெரிய கோன் நூலைப் போட்டுத் தைக்கலாமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பெரிய கோன் (கூம்பு வடிவில் சுற்றிய நூல்) வாங்கினேன், மெஷினில் நூல்கண்டு மாட்டும் கம்பியில் மாட்டினால் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தைக்கலாம். ஆனால் கோனை அந்தக் கம்பியில் மாட்டாதீர்கள்.

சிறிய நூல்கண்டு சுழன்று நூல் கொடுக்கும். கோன் சுழலக் கூடாது. அதில் நூல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றியிருப்பதே, அசையாமல் நின்று மேல்முனை வழியாக நூல் உருவி வருவதற்காகத்தான். சேலத்துக்குப் பக்கத்தில் நெசவு நடக்கும் இளம்பிள்ளையில், தறிக்குப் பாவு (நீளவாக்கு நூல்) ஓட்டும் இடத்தில் பார்த்தால் இது உடனே புரியும்: கோன்கள் அப்படியே நிற்க, நூல் மட்டும் ஓடும். கனமான கோனைக் கம்பியில் மாட்டிச் சுழலவிட்டால் ஒவ்வொரு தையலுக்கும் நூல் வெடுக்கென்று இழுபடும். டென்ஷன் (நூலின் இறுக்கம்) கெடும், நூல் அறும்.

அதனால் கோனை மெஷினுக்குப் பின்னால் மேசையில் நிமிர்த்தி வையுங்கள். அதன் நடுப்பகுதிக்கு நேர் மேலே, கோனின் உயரத்தைவிட நன்றாக உயரத்தில் ஒரு கொக்கி வேண்டும். கோன் ஸ்டாண்டு வாங்கினால் நல்லது. இல்லையென்றால் சுவரில் ஒரு கொக்கி போதும். நூல் முதலில் நேராக மேலே போய், அப்புறம் மெஷினுக்கு இறங்க வேண்டும். கொக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் கோன் விளிம்பில் நூல் உரசும்.

ஓவர்லாக்குக்கான (துணி ஓரம் பிரியாமல் தைப்பது) கோன் நூல் பெரும்பாலும் மெல்லியது. ரவிக்கையின் உள்தையலுக்குப் பரவாயில்லை, ஜீன்ஸுக்கு வேண்டாம். அடிநூல் சுற்றும் பாபினிலும் அதே நூலைச் சுற்றி, துண்டுத் துணியில் தைத்துப் பார்த்து டென்ஷனைச் சரிசெய்யுங்கள்.