பகுதி நேர நிருபர்கள் சேர்ந்து கேட்டால் கூலி உயருமா?

காங்கேயத்தில் பகுதி நேர நிருபராக இருக்கிறேன், செய்திக்குக் காசு கூட்டிக் கேட்டால் "உங்க இடத்துக்குப் பத்துப் பேர் காத்திருக்காங்க" என்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து கேட்டால் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கும். பல்லடம் பக்கம் நாங்கள் கேட்டு வாங்கியிருக்கிறோம்.

நம் பிழைப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். அச்சில் வந்தால்தான் காசு, அதுவும் நீளத்தை அளந்து. மாதக் கடைசியில் வந்த செய்திகளை வெட்டி, வெள்ளைத்தாளில் ஒட்டி, பில் போட்டு அனுப்ப வேண்டும். பெட்ரோல் நம்முடையது. படத்துக்கு ஒன்றும் கிடையாது.

2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறிகளை நிறுத்தி வைத்திருந்தார்களே, அப்போது அங்கேயேதான் கிடந்தோம். ஒரு தறிக்காரர் கேட்டார்: "எங்க கூலியப் பைசா சுத்தமா எழுதறீங்க, உங்களுக்கு என்னங்க தர்றாங்க?" பக்கத்தில் நின்ற யாரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் ரேட் இன்னொருவருக்குத் தெரியாது. ஆபீஸுக்கு அதுதான் வசதி.

அன்று சாயங்காலமே பேக்கரியில் உட்கார்ந்து அவரவர் பில்லை மேஜையில் வைத்தோம். ஒரே பத்திரிகை, பக்கத்துப் பக்கத்து ஊர், ஒரே நீளச் செய்தி. ஒருவருக்கு வருவதில் பாதிதான் மற்றவருக்கு! அப்புறம் யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. படத்துக்குத் தனிக் காசு, பெட்ரோல் படி இரண்டையும் கேட்டு ஒரே கடிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அவரவர் ஆபீஸுக்கு அனுப்பினோம். ஒருவரை நிறுத்தினால் அந்த இடத்துக்கு வேறு யாரும் போவதில்லை என்றும் பேசிக்கொண்டோம். நிறுத்தவும் செய்தார்கள். அந்த வேலைக்குக் கூப்பிட்ட பையன் எங்களிடம் விசாரித்துவிட்டு, "நான் வரலீங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டான். அந்தத் தம்பியை நான் மறக்க மாட்டேன். நிறுத்தியவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். படத்துக்குக் காசு வந்தது. பெட்ரோல் படி சில ஆபீஸில் மட்டும்.

"கவர் வாங்குறவங்களுக்குச் சங்கம் ஒரு கேடா" என்று சிலர் வருவார்கள். கவர் என்பது செய்திக்காக உறையில் வைத்து நீட்டும் காசு. அதை வாங்காமல் பிழைக்க நினைப்பவருக்குத்தான் கூலி வேண்டும். பத்திரிகை வேலையே முக்கியத் தொழிலாக இருந்தால், பகுதி நேரம் செய்பவரும் பத்திரிகையாளர்தான் என்று பின்னால் திருத்தப்பட்ட 1955 உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமே சொன்னது. வட்டிக்கு விடுகிறவர் காரிலெல்லாம் 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டித் திரிவதைக் கேட்க ஆளில்லை, சோதனைச் சாவடியில் சந்தேகம் மட்டும் நம்மேல்.

தீபாவளி மலருக்கு இவ்வளவு விளம்பரம் பிடித்துத் தர வேண்டும் என்கிற டார்கெட் இன்னும் நம் தலையில்தான். ஒருவரிடம் விளம்பரம் கேட்டு நின்றுவிட்டு, அடுத்த வாரம் அவருடைய சாயப்பட்டறைக் கழிவை எப்படி எழுதுவது? அடுத்த கடிதம் அதற்குத்தான். வெள்ளகோவில், தாராபுரம் ஆட்களிடமும் பேசிவிட்டு நீங்களும் கையெழுத்துப் போடுங்க.