தம்பியின் டென்னிஸுக்கு ஒருவர் பணம் தருகிறார்: நாங்களும் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. இரண்டு ஆண்டுகளாகத் தொழில்முறை டென்னிஸ் ஆடுகிறான். ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபி அமைப்பின் தரவரிசையில் 620-க்கு அருகில் இருக்கிறான். போன ஆண்டு பரிசுப் பணமாக வந்தது 9,000 டாலர், செலவானது 42,000 டாலர். அப்பாவின் ஓய்வுக்காலச் சேமிப்பும் என் சம்பளமும் சேர்ந்துதான் துண்டு விழுந்ததை ஈடுகட்டின. இப்போது ஒரு முதலீட்டாளர் வந்திருக்கிறார். ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் இரண்டு ஆண்டுகள் தருவாராம். பதிலுக்குப் பத்து ஆண்டுகளுக்குத் தம்பியின் மொத்த வருமானத்தில் 20 சதவீதம் அவருக்கு. ஒப்பந்தத்தில் அப்பாவும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார். இது வேண்டாம் என்றால் வீட்டை அடமானம் வைக்கலாம் என்பது அப்பாவின் யோசனை. கடன் வாங்காமல் என்னால் ஆண்டுக்கு 12,000 டாலர் வரை கொடுக்க முடியும். எதைச் செய்வது?

பதில்: அடமானம் வேண்டவே வேண்டாம். ஒப்பந்தமும் இப்போது இருக்கிற வடிவத்தில் வேண்டாம். ஆனால் தம்பி ஆட்டத்தை நிறுத்த வேண்டிய நிலையும் வந்துவிடவில்லை. உங்களுக்குத் தேவைப்படும் பணம் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு என்று எனக்குப் படுகிறது. அந்தக் கணக்குக்கு வருவதற்கு முன் கையெழுத்து விஷயத்தைப் பேசிவிடலாம்.

ஆட்டக்காரர் மேல் பணம் போடுகிறவர் அவர் ஜெயித்தால் லாபத்தில் பங்கு எடுப்பார், தோற்றால் போட்டதை இழப்பார். முதலீடு என்றால் அதுதான். அப்பாவும் நீங்களும் எதற்காகக் கையெழுத்துப் போட வேண்டும்? தம்பியிடமிருந்து வராததை உங்களிடமிருந்து வாங்குவதற்காக. அப்படி ஒரு பிரிவு இருந்தால் அந்தத் தாளுக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் அது கடன்தான். அதுவும் லாபம் வந்தால் பங்கு, நஷ்டம் வந்தால் ஜாமீன் என்று இரண்டு பக்கமும் அவருக்கே சாதகமான கடன். ‘நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம், தம்பி மட்டும்தான் போடுவார்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் பின்வாங்கினால் உங்கள் தம்பியின் ஆட்டத்தின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை, உங்கள் வீட்டின் மேல்தான் நம்பிக்கை என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்து, ‘மொத்த வருமானத்தில்’ என்ற சொல். ஆபத்து இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

மூன்று ஆண்டு கழித்துத் தம்பி 180-வது இடத்துக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு 1,10,000 டாலர் வருகிறது. அந்த மட்டத்தில் பயிற்சியாளர் கூடவே பயணம் செய்வார், அவ்வப்போது பிசியோ வேண்டும், கண்டம் விட்டுக் கண்டம் போக வேண்டும். செலவு 90,000 என்று போடுங்கள், வரி 20,000. கையில் மிச்சம் பூஜ்யம். முதலீட்டாளரின் 20 சதவீதமோ மொத்தத்தில், அதாவது 22,000 டாலர். உலகத்தில் 180-வது ஆட்டக்காரராக நன்றாக ஆடிய ஒரு வருஷத்தின் முடிவில் அவர் 22,000 டாலர் கடனாளி. இது நடக்காத கற்பனை இல்லை. மொத்தத்தில் பங்கு எழுதிக் கொடுத்த ஆட்டக்காரர்கள் சிக்குவது சரியாக இந்த இடத்தில்தான், அதாவது மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது.

இன்னொரு நுணுக்கம். ஏடிபி 2024-இல் ‘பேஸ்லைன்’ என்ற குறைந்தபட்ச வருமானத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் 100 இடங்களில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 3,00,000 டாலர், 101 முதல் 175 வரை 1,50,000, 176 முதல் 250 வரை 75,000 என்று அந்த ஆண்டு உறுதி கொடுத்தது. பரிசுப் பணம் அதற்குக் குறைந்தால் மீதியை ஏடிபி போடும். முதன்முறையாக 125-க்குள் நுழைகிறவருக்கு 2,00,000 டாலர் முன்பணமும் அறிவித்தது. முன்பணம் என்பதால் பிறகு ஜெயிக்கும் பரிசில் அது கழியும். ‘தம்பிக்கு வரும் எல்லாத் தொகையிலும் 20 சதவீதம்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால் முன்பணம் வரும்போது ஒரு தடவை, அதை அடைக்கும் பரிசுப் பணம் வரும்போது இன்னொரு தடவை என்று ஒரே காசுக்கு இரண்டு முறை பங்கு கேட்க இடமிருக்கிறது.

சரி, இப்போது உங்கள் வரவு செலவுக்கு வருவோம். தம்பி பெரும்பாலும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் நடத்தும் போட்டிகளில், எம்15, எம்25 என்ற அடிமட்டப் போட்டிகளில் ஆடுவார் என்று நினைக்கிறேன். எம்15 என்றால் மொத்தப் பரிசு 15,000 டாலர். அதில் ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு 2,160 டாலர், தகுதிச் சுற்றுக்கு அடுத்த முதன்மைப் போட்டியான மெயின் டிராவில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 156. அங்கே ஒரு வாரம் எப்படிப் போகிறது என்று எழுதிப் பார்க்கிறேன். செலவு எண்கள் நான் சிக்கனமாகப் போட்டவை.

முதல் சுற்றில் தோற்றால்: 156 டாலரில் வரி 20 சதவீதம் போனால் 125. அறை ஐந்து இரவு, இரவுக்கு 60 வீதம் 300. சாப்பாடு 150. நான்கு ராக்கெட்டுக்கு ஸ்டிரிங் கட்டும் கூலி 60. பயணத்தில் அந்த வாரத்தின் பங்கு 250. ஆக 760 டாலர் செலவு, 635 நஷ்டம். பட்டமே வென்றால்: வரி போக 1,728. ஒன்பது இரவு அறைக்கு 540, சாப்பாடு 270, ஸ்டிரிங் 150, பயணம் 250. மிச்சம் 518 டாலர். ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துக் கோப்பையோடு வருகிறவரின் கையில் நிற்பது அவ்வளவுதான், பயிற்சியாளரின் சம்பளத்தை இதில் சேர்க்கவே இல்லை.

இதை எழுதுவது உங்களைப் பயமுறுத்த இல்லை. போன ஆண்டின் 33,000 டாலர் பள்ளத்துக்குத் தம்பியின் ஆட்டம் மோசம் என்று அர்த்தமில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். இந்த மட்டமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஐடிஎஃப் 2013-ஆம் ஆண்டுக் கணக்குகளை வைத்து நடத்திய ஆய்வில், பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமலேயே, ஆண்களில் சுமார் 336-வது இடத்தில்தான் வரவும் செலவும் சமமானது.

பணம் எங்கே திசை மாறுகிறது என்றால் 250-க்குப் பக்கத்தில். ஏறத்தாழ அந்த இடத்துக்கு வந்தால்தான் கிராண்ட்ஸ்லாம் தகுதிச் சுற்றில் பெயர் வரும். 2024 யுஎஸ் ஓப்பனில் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 25,000 டாலர். பதினோரு எம்15 பட்டங்களின் பரிசைச் சேர்த்தாலும் இதற்கு வராது. அதே ஆண்டு அங்கே மெயின் டிரா முதல் சுற்றில் தோற்றவருக்கு 1,00,000 டாலர். ஆகவே 620-இலிருந்து 250 வரை உள்ள இந்தத் தூரத்தைக் கடனில்லாமல் கடக்க வேண்டும். உங்கள் முன்னால் இருக்கும் பணக் கேள்வி அது ஒன்றுதான்.

செலவை 34,000-க்குக் கொண்டுவர முடியும் என்று நினைக்கிறேன். முதலில் பயிற்சியாளர். இந்த மட்டத்தில் ஒருவருக்கென்று தனியாக ஒரு கோச் ஊர் ஊராக வருவது கட்டுப்படியாகாது. ஒரே அளவு தரவரிசையில் இருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்வது இப்போது சகஜம். அதில் 5,000 மிஞ்சும். அடுத்தது பயணம். துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அன்டால்யா போன்ற இடங்களில் வாரா வாரம் அதே இடத்தில் போட்டி நடக்கும். ஒரு டிக்கெட்டில் நான்கு வாரம் ஆடலாம். அதில் 2,000 வரை மிஞ்சும்.

அப்புறம் ஸ்டிரிங். சின்ன விஷயம்தான், ஆனால் எனக்குப் பிடித்த விஷயம். ஒவ்வொரு முறையும் போட்டி நடக்கும் இடத்தில் 15 டாலர் கூலி கொடுத்துக் கட்டுகிறார் என்றால், வாரத்துக்கு ஆறு வீதம் 26 வாரத்தில் 2,340 டாலர். 200 மீட்டர் சுருள் வாங்கினால் ராக்கெட்டுக்குச் சுமார் 12 மீட்டர் வீதம் பதினாறு முறை கட்டலாம். பையில் போகக்கூடிய சிறிய மெஷின் ஒன்று வாங்கித் தம்பி தானே கட்டக் கற்றுக்கொண்டால், மெஷின் விலை போகவே முதல் ஆண்டில் ஆயிரம் டாலருக்குக் குறையாமல் மிஞ்சும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் ஆட்டக்காரர் மெஷினை ஓட்டல் அறையில் இஸ்திரிப் பலகை மேல் வைத்துக் கட்டுவார். மூன்றாவது வாரம் பக்கத்து அறைப் பையன்கள் தங்கள் ராக்கெட்டையும் கொண்டுவந்து கொடுத்தார்களாம், கூலியோடு.

வரவை 15,000-க்கு ஏற்றலாம். ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலியில் கிளப்புகளுக்கு இடையே நடக்கும் லீக் ஆட்டங்களில் வெளியாட்டக்காரர்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். தோற்றாலும் அந்தப் பணம் உண்டு. ஒரு பருவத்தில் 4,000 டாலர் பெரிய ஆசை இல்லை. இரட்டையரையும் ஒழுங்காக ஆடினால் இன்னொரு 2,000 வரும். அதே அறை வாடகை, அதே டிக்கெட், இரண்டாவது வருமானம்.

அப்படியானால் பள்ளம் 33,000 இல்லை, 19,000. நீங்கள் 12,000 தர முடியும் என்கிறீர்கள். மீதி ஆண்டுக்கு 7,000, இரண்டு ஆண்டுக்கு 14,000. காயம்பட்டு மூன்று நான்கு மாதம் உட்கார நேர்ந்தால் என்று 6,000 சேர்த்துக்கொள்ளுங்கள். தேவை மொத்தம் 20,000 டாலர். இதற்காக ஒரு லட்சம் வாங்கிப் பத்து ஆண்டுகளை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அதிகப் பணம் கையில் இருந்தால் அதிகச் செலவும் தானாக வரும். முழுநேர கோச், நேர் விமானம், நல்ல ஓட்டல் என்று போய், இரண்டாம் ஆண்டு முடிவில் பணமும் தீர்ந்து, பழக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த 20,000-ஐ அதே முதலீட்டாளரிடம் கேட்கலாம், வேறு விதிமுறையில். பங்கு, எல்லாச் செலவும் வரியும் போன மிச்சத்தில்தான். அந்த மிச்சமும் ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 15 சதவீதம். அவர் போட்டதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 40,000, போய்ச் சேர்ந்ததும் ஒப்பந்தம் முடிந்தது. சேராவிட்டாலும் ஏழு ஆண்டில் முடிந்தது. காயத்தால் ஆட்டத்தை விட நேர்ந்தால் அன்றே முடிந்தது. எந்தப் போட்டியில் ஆடுவது, யாரைக் கோச்சாக வைப்பது என்பதில் அவருக்குப் பேச்சில்லை. பேரம் பேசுவார், பேசட்டும். 15 என்பது 18 ஆகலாம், இரண்டு மடங்கு மூன்றாகலாம். மிச்சத்தில் பங்கு என்பதையும் உச்சவரம்பையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விளையாட்டு ஒப்பந்தம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

அவருடைய பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். டென்னிஸ் சூதாட்டத் தரகர்கள் குறிவைப்பது பணமுடையில் இருக்கும் இந்த மட்டத்து ஆட்டக்காரர்களைத்தான். பந்தய நிறுவனத்தோடு தொடர்புள்ள ஸ்பான்சர் ஆட்டக்காரருக்கு விதிப்படி ஆகாது. யாராவது ‘ஒரு செட்டை விட்டுக்கொடு’ என்று அணுகினால், மறுத்தால் மட்டும் போதாது, டென்னிஸ் நேர்மை அமைப்பிடம் புகார் செய்வதும் கடமை. செய்யாமல் விட்டதற்கே தடை வரலாம். தம்பிக்கு இது தெரியும் என்றாலும் அக்காவாக ஒருமுறை பேசிவிடுங்கள்.

வரி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பரிசுப் பணத்துக்கு, ஆடிய நாட்டிலேயே வரி பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் வெளிநாட்டு ஆட்டக்காரருக்குப் பொதுவாக 30 சதவீதம். வசிக்கும் நாட்டில் கணக்குக் காட்டும்போது அதைக் கழித்துக்கொள்ளப் பெரும்பாலான நாடுகளில் வழி உண்டு, ஆனால் பிடித்ததற்குச் சான்று வேண்டும். ஓர் ஆட்டக்காரர் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் உறை நிறையச் சீட்டு கொண்டுவந்தார். டாக்சி ரசீது, சலவை ரசீது எல்லாம் இருந்தது. வரிச் சான்று ஒன்றுகூட இல்லை. பதினேழு போட்டிக்கு அவர் இரண்டாவது தடவை வரி கட்டினார். தோற்ற அன்று மாலையே அடுத்த ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரும் அலுவலக மேசைக்குப் போய் அதைக் கேட்பதில்லை.

எத்தனை நாள் இப்படிக் கொடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மனதில் இருக்கும். இரண்டு ஆண்டு, 350-வது இடம் என்று எழுதிவையுங்கள். தரவரிசைப் புள்ளிகள் 52 வாரத்தில் உதிர்ந்துவிடும் என்பதால் ஒரு நல்ல மாதத்தை வைத்தோ ஒரு மோசமான மாதத்தை வைத்தோ முடிவெடுக்க வேண்டாம். அன்று 350 வரவில்லை, ஆனால் முதல் 300-இல் இருப்பவர்களோடு மூன்று செட் வரை போகிறார் என்றால் இன்னொரு ஆண்டு பேசலாம். இந்திய ஆட்டக்காரர் சுமித் நாகல் 2023-இல் தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் மிச்சம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவருக்கு 26 வயது. சில மாதத்தில், 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்றைத் தாண்டி, அந்தப் போட்டியின் முன்னணி ஆட்டக்காரர் பட்டியலில் 31-வது இடம் (சீட்) பெற்றிருந்த அலெக்சாண்டர் பப்ளிக்கை வென்றார், அந்த ஜூலையில் உலகத் தரவரிசையில் 68-வது இடத்தைத் தொட்டார். இதைச் சொல்வது, எப்படியும் வந்துவிடும் என்று உங்களை நம்ப வைக்க இல்லை. வராமல் போனவர்கள் நிறைய. 20 வயதில் 620 என்பது முடிவு கட்டும் வயதும் இல்லை, இடமும் இல்லை. அதற்காகத்தான் அவரோடு நீங்களும் கடனில் மூழ்காமல் தாக்குப்பிடிக்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் 12,000-ஐ மாதம் 1,000 டாலராகப் பிரித்துத் தம்பியின் தனிக் கணக்கில் போடுங்கள். தோற்ற வாரத்தில் கூடுதலாக அனுப்பவும் வேண்டாம், ஜெயித்த வாரத்தில் குறைக்கவும் வேண்டாம். அப்பாவின் சேமிப்பு இனிமேல் தொடப்படாது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். தம்பி அடுத்து வீட்டுக்கு வரும்போது போன ஆண்டு ஆடிய போட்டிகளின் பட்டியலை எடுத்து, வரிச் சான்று இல்லாத ஒவ்வொரு போட்டிக்கும் அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். தாமதமாகக் கேட்டாலும் பெரும்பாலானவர்கள் அனுப்பிவிடுவார்கள். முதலீட்டாளர் திருத்தி அனுப்பும் ஒப்பந்தம் வந்ததும் எனக்கு எழுதுங்கள், வரி வரியாகச் சேர்ந்தே படிக்கலாம்.