படத்தில் தெரியாத கத்தி

அன்புள்ள ஐயா,

கைவினைக் கத்திகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘கொல்லன் தன் குறையை மறைத்துக்கொள்ளும் திரையே அலங்காரம்’ என்று எழுதியிருந்தீர்கள். நானும் என் நண்பரும் ஒரே கொல்லரிடம் ஆளுக்கொரு வேட்டைக்கத்தி செய்வித்தோம். என்னுடையது மணல் வீசி மங்கலாக்கிய ஒற்றை எஃகு அலகும் கறுத்த மரப்பிடியும் கொண்டது. அவருடையதோ நீரலை போல வரியோடும் அடுக்கு எஃகு. பிடி சாயமூட்டிய மரம். முதுகு நெடுக அரத்தால் செதுக்கிய கொடி. என் கத்தி உயிரற்றது என்கிறார் அவர். அவருடையது கண்ணாடிப் பேழைக்கே உரியது என்கிறேன் நான். எது நல்ல வேலை என்று சொல்ல அளவுகோல் உண்டா, அல்லது எல்லாம் அவரவர் ரசனைதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில், நீங்கள் எடுத்துக்காட்டிய வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எழுதியபோது காதுக்கு இனிமையாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இல்லை. அடுக்கு எஃகு வேலையில் பெரும்பாலும் 1084 என்னும் கரிம எஃகையும், ஏறத்தாழ 2 சதவீதம் நிக்கல் கலந்த 15என்20 என்னும் எஃகையும் மாறி மாறி அடுக்கி, உலையில் காய்ச்சி, அடித்து ஒன்றாக்கி, மடித்து மறுபடியும் அடிக்கிறார்கள். முடிந்த அலகை ஃபெரிக் குளோரைடு கரைசலில் அமிழ்த்தும்போது 1084 கறுத்துப்போகிறது, நிக்கல் உள்ள அடுக்கு வெளிறியே நிற்கிறது; நீங்கள் பார்க்கும் வரி அப்படி வருவதுதான். இரண்டு அடுக்குகள் எங்கேனும் ஒட்டாமல் விட்டிருந்தால், அதே கரைசல் அந்த இடத்தை மயிரிழைக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். முதுகில் செதுக்கிய கொடியில் ஒரு வளைவு பிசகினாலும் பக்கத்து வளைவே சாட்சி சொல்லும். ஆகவே உங்கள் நண்பரின் கத்தியில் கொல்லர் ஒளிந்துகொள்ள இடம் குறைவு. மணல் வீசிய பரப்போ, உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம், சிறு மேடுபள்ளங்களையும் சாணையின் தடங்களையும் தாராளமாக விழுங்கிக்கொள்ளும்.

இதனால் அவர் கத்தி சிறந்தது என்று ஆகிவிடாது. நீங்கள் இருவரும் சண்டையிடுவது கண்ணுக்குத் தெரிவதைப் பற்றி மட்டுமே. ஒரு கத்தியின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவதில்லை. 1084 எஃகை ஏறத்தாழ 815 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால், அது கண்ணாடியைப் போல நொறுங்கக்கூடிய கடினத்தை அடைகிறது. பிறகு 200 டிகிரி அளவில் இரண்டு முறை வைத்தெடுத்தால்தான், கூர் நிற்கும் அளவுக்குக் கடினமும் அடி தாங்கும் அளவுக்கு உறுதியும் சேர்ந்த பதம் வருகிறது. பதம் தவறிய அலகும் சரியான அலகும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகளைப் போல இருக்கும். வெட்டும் விளிம்புக்குச் சற்று மேலே அலகின் தடிமன் 0.3 மில்லிமீட்டரா 0.8 மில்லிமீட்டரா என்பதும் அப்படித்தான்: முதலாவது பொருளுக்குள் தானாக இறங்கும், இரண்டாவது பொருளைப் பிளந்துகொண்டு போகும். பிடியின் விளிம்புகள் போதுமான அளவு உருட்டப்பட்டிருக்கின்றனவா என்பதை உள்ளங்கை அரைமணி நேர வேலைக்குப் பிறகுதான் சொல்லும். இவற்றில் எதையும் நிழற்படத்தில் காண முடியாது. இன்று கத்தி ரசனை பெரிதும் படங்களைப் பார்த்தே வளர்கிறது என்பதால், படத்தில் எடுபடும் வரியும் நிறமும் பளபளப்பும் (எளிமையை விரும்புகிறவர்களுக்கு அந்த ‘எளிமைத் தோற்றமும்’) தகுதிக்கு மீறிய இடத்தைப் பிடித்துக்கொண்டன.

எளிமையும் ஒரு தோற்றமே என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதுகிலிருந்து முனை மெல்லச் சரிந்திறங்கும் வேட்டைக்கத்தி வடிவத்தைப் பரவலாக்கியவர் ராபர்ட் லவ்லெஸ் என்னும் அமெரிக்கக் கத்திக் கைவினைஞர். அவருடைய கத்திகளில் அலங்காரம் என்று சொல்ல அநேகமாக ஒன்றும் இல்லை. ஆனால் பிடிக்குள் செல்லும் எஃகை அவர் பின்புறம் நோக்கிப் படிப்படியாக மெலியச் செய்வார். அதனால் எடை குறைந்து கத்தி கையில் சமநிலையாக அமரும். நான் கையில் எடுத்துப் பார்த்த நகல்கள் பலவற்றில் அந்த முனைச் சரிவு அச்சுப் பிசகாமல் இருந்தது. மெலிவு மட்டும் இல்லை.

மறுபக்கத்துக்கு வருவோம். 1973இல் வில்லியம் மொரான் என்னும் கத்திக் கொல்லர் அடுக்கு எஃகுக் கத்திகளைக் காட்சிக்கு வைத்த பிறகுதான் அமெரிக்காவில் இந்த வரிக்கத்திகளுக்கு மறுவாழ்வு வந்தது. அந்த மொரானே 1976இல் முன்னின்று தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி என்னும் கத்திக் கொல்லர் சங்கத்தில் ‘மாஸ்டர்’ தகுதி பெற விரும்புகிறவர், குறைந்தது 300 அடுக்குள்ள கத்தி ஒன்றைச் செய்து சோதனைக்குக் கொண்டுவர வேண்டும். அது தொங்கும் 1 அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். கட்டுமான மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் கை மயிரை மழிக்க வேண்டும். கடைசியில் பிடியிறுக்கியில் வைத்து 90 டிகிரி வளைக்கிறார்கள், உடையக் கூடாது. அத்துடன் விடுவதில்லை. வேலைப்பாட்டின் நேர்த்திக்கென்று தனியாக ஐந்து கத்திகளையும் அவர் நடுவர்கள் முன் வைக்க வேண்டும்; அவற்றுள் ஒன்று முறுக்குக் கம்பி சுற்றிய பிடியுடைய குத்துவாள். உங்கள் கட்சியும் உங்கள் நண்பரின் கட்சியும் ஒரே தேர்வின் இரண்டு தாள்களாக அங்கே இருக்கின்றன.

பதமும் தடிமனும் பிடியும் சரியாக அமைந்த பிறகு எஞ்சுவது ரசனைதான். அதில் எனக்கும் சாய்வு உண்டு. நான் இன்னும் உங்கள் கட்சியே. ஆனால் ஒருமுறை, நீல நிறப் பிடிபோட்ட வரிக்கத்தி ஒன்றைப் பொம்மை என்று கேலி செய்துவிட்டு, அதைக் கொண்டே ஒரு மாலை முழுவதும் மரம் சீவ நேர்ந்தது. கை வலிக்கவில்லை. நிறம் அப்போதும் பிடிக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு கத்திகளும் எப்படி இருக்கின்றன என்று நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். அவை இதுவரை எதையாவது வெட்டினவா என்று ஒரு சொல்லும் இல்லை. ஒரு மாதம் இருவரும் கத்திகளை மாற்றிக்கொண்டு வேலை செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். அவருடைய அலகு துருப்பிடிக்கும் வகை என்பதால், வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசுங்கள். தோலுறைக்குள் நாள்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம், தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.